சுற்றி வந்தாலே தெரிந்துவிடும்: இன்னொரு ராமானுஜமும் ஒரு புள்ளியின் கதையும்



டிசம்பர் 22 வந்தால் நம் குழுவில் சீனிவாச ராமானுஜன் படம் வரும். கூடவே 1729 என்ற எண்ணின் கதையும் வரும். நானும் ஆண்டுதோறும் அதைத்தான் பகிர்ந்திருக்கிறேன். இந்த முறை இன்னொருவரைப் பற்றி எழுத நினைத்தேன். பெயரில் கடைசி எழுத்துதான் வித்தியாசம். அவர் ராமானுஜன், இவர் ராமானுஜம். சி. பி. ராமானுஜம். 1938-இல் சென்னையில் பிறந்தவர். 36 வயதில் மறைந்தார். உலகம் முழுவதும் இயற்கணித வடிவியல் படிப்பவர்களுக்கு அவர் பெயர் தெரியும். நம் ஊரில் பட்டதாரிகளுக்குக்கூடத் தெரியாது.

"பெரிய மேதை, இளம் வயதில் போய்விட்டார்" என்று நாலு வரி எழுதி முடித்துவிடலாம். ஆனால் அவர் என்ன செய்தார் என்று சொல்லாமல் அவரைப் புகழ்வது, சாப்பிடாமலே சமையலைப் புகழ்வது மாதிரி. அதனால் அவர் வேலை செய்த துறையின் கதையையும் சேர்த்தே சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து படியுங்கள்.

நான் படித்தது இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி. எட்டாம் வகுப்பு வரை கணக்கு சொல்லிக் கொடுத்தவள். இந்த விஷயத்தில் ஆராய்ச்சி படிக்கும் என் அண்ணன் மகளிடம் கேட்டுக் கேட்டு, அவள் சலித்துக்கொள்ளாமல் விளக்க, நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துப் புரிந்துகொண்டதைத்தான் இங்கே தருகிறேன். உங்களுக்குப் பத்தாம் வகுப்பு இயற்கணிதம் ஞாபகம் இருந்தால் போதும். ஒரு பேனாவும் தாளும் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

*வழுப்புள்ளி என்றால் என்ன?*

பூமி உருண்டை. ஆனால் நாம் நிற்கிற இடத்தில் தட்டையாகத் தெரிகிறது. காரணம், ஒரு வழவழப்பான பரப்பை நெருங்கிப் பார்த்தால் எந்த இடமும் தட்டையாகத்தான் தோன்றும். ஐஸ்கிரீம் கோனின் அடிமுனையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் கூராகவே இருக்கும். தட்டையாகவே ஆகாது. இப்படிப்பட்ட புள்ளியைக் கணிதத்தில் சிங்குலாரிட்டி என்கிறார்கள். தமிழ் இலக்கணத்தில் வழாநிலை, வழு என்று படித்தோமே, அந்தச் சொல்லை எடுத்து நான் வழுப்புள்ளி என்றே எழுதுகிறேன்.

இப்போது கேள்வி இதுதான். ஓர் எறும்பு அந்தப் பரப்பின் மேல் ஊர்கிறது. வழுப்புள்ளி மீது கால் வைக்க அதற்கு அனுமதி இல்லை. பக்கத்தில் சுற்றிச் சுற்றி வரலாம். அப்படிச் சுற்றி வந்தே, "நடுவில் இருக்கும் புள்ளி வழுவுள்ளது" என்று அந்த எறும்பு கண்டுபிடிக்க முடியுமா?

சுற்றுவதைக் கொண்டு வடிவத்தை அறியும் வழியை டோபாலஜி, அதாவது இடவியல், என்ற துறை தருகிறது. எறும்பு ஒரு நூலை இழுத்துக்கொண்டு போய், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து, இரண்டு முனையையும் பிடித்து மெல்ல இழுக்கிறது என்று வையுங்கள். கால்பந்தின் மேல் சுற்றிய நூல் வழுக்கி வந்து கைக்குள் சுருங்கிவிடும். மெதுவடையின் துளை வழியாகச் சுற்றிய நூல் எவ்வளவு இழுத்தாலும் வராது, மாட்டிக்கொள்ளும். நூல் மாட்டுகிறதா சுருங்குகிறதா என்பதை வைத்து வடிவத்தைச் சொல்லிவிடலாம்.

ஆனால் ஐஸ்கிரீம் கோனில் இந்த வித்தை பலிக்காது. முனையைச் சுற்றி நடந்தால் ஒரு வட்டம். தட்டையான தாளில் ஒரு புள்ளியைச் சுற்றி நடந்தாலும் ஒரு வட்டம். இடவியலுக்கு இரண்டும் ஒன்றே. வித்தியாசம் தெரிய வேண்டுமானால் கலப்பெண்களின் உலகத்துக்குப் போக வேண்டும்.

*கலப்பெண் உலகம்*

பன்னிரண்டாம் வகுப்பில் கலப்பெண் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு கலப்பெண்ணைச் சொல்ல இரண்டு சாதாரண எண்கள் வேண்டும். அதனால் அங்கே எல்லாமே இரட்டிப்பு. கலப்பெண் "கோடு" நமக்கு ஒரு தளம். கலப்பெண் "பரப்பு" நமக்கு நான்கு பரிமாணம். நான்கு பரிமாணத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. கணக்குப் போட்டுத்தான் அதற்குள் நடக்கிறார்கள்.

ஒரு புள்ளியிலிருந்து சின்னதாக, ஒரே தூரத்தில் இருக்கும் புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். தளத்தில் அது வட்டம். நம் அறையில் அது பந்தின் மேல்தோல். நான்கு பரிமாணத்தில் அது மூன்று பரிமாணம் கொண்ட ஒரு "கோளம்". அந்தக் கோளத்தில் எந்த நூலும் மாட்டாது, எல்லாம் சுருங்கிவிடும். இப்படிப் புள்ளியைச் சூழ்ந்திருக்கும் பகுதியை நான் விளிம்பு என்று சொல்கிறேன். ஆக, வழு இல்லாத புள்ளிக்கு விளிம்பு ஒரு கோளம். வழுவுள்ள புள்ளிக்கு விளிம்பு எப்படி இருக்கும்? இதுதான் இந்தத் துறையின் ஆதாரக் கேள்வி.

முதலில் வளைகோடுகளுக்கு விடை கிடைத்தது. வாட்ஸ்அப்பில் தட்ட வசதியாக எக்ஸ், ஒய்க்குப் பதில் க, ச என்று எழுதுகிறேன். ச² = க³ என்ற வளைகோட்டுக்கு நடுவில் ஒரு கூர்முனை உண்டு. அந்த முனையின் விளிம்பு ஒரு வட்டம்தான். ஆனால் சூழ்ந்திருக்கும் கோளத்துக்குள் அந்த வட்டம் முடிச்சுப் போட்டுக்கொண்டு கிடக்கிறது. ஒரு கயிற்றில் சாதாரண முடிச்சு ஒன்று போட்டு, இரண்டு முனைகளையும் ஒட்டிவிடுங்கள். அதே முடிச்சுதான். மூவிலை முடிச்சு என்பார்கள். கார்ல் பிரௌனர் என்பவர் 1928-இல் இத்தகைய முடிச்சுகளை விரிவாக எழுதினார்.

ஒன்றைக் கவனியுங்கள். முடிச்சு தெரிவது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத்தான். கயிற்றின் மேலேயே ஊரும் எறும்புக்கு அது வெறும் வட்டம், முடிச்சு இருப்பதே தெரியாது. ஆகவே வளைகோட்டில் நம் எறும்பு தோற்றது. பரப்பில்?

*நாமே போட்டுப் பார்க்கும் கணக்கு*

க × ச = ட² என்ற பரப்பை எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்குத் தெரியும் உலகில் இது இரண்டு ஐஸ்கிரீம் கோன்களை முனையோடு முனை வைத்த வடிவம். இதையே கலப்பெண்ணில் பார்க்கப் போகிறோம்.

ப, ம என்று இரண்டு எண்கள். க = ப², ச = ம², ட = ப × ம என்று வையுங்கள். அப்போது க × ச = ப² × ம² = ட². சமன்பாடு சரியாக வருகிறது. இப்போது ப = 2, ம = 3 என்று போடுங்கள். க = 4, ச = 9, ட = 6. அடுத்து ப = −2, ம = −3 என்று போடுங்கள். மறுபடியும் 4, 9, 6. அதாவது தளத்தில் எதிரெதிராக இருக்கும் இரண்டு புள்ளிகள், இந்தப் பரப்பில் ஒரே புள்ளியாக ஒட்டிக்கொள்கின்றன. ஜோடி இல்லாமல் தனியாக நிற்பது பூச்சியப் புள்ளி மட்டும். அதுதான் வழுப்புள்ளி.

எறும்பு (2, 3)-இல் புறப்பட்டு, பூச்சியத்தைச் சுற்றிக்கொண்டு (−2, −3) போய்ச் சேருகிறது. தளத்தில் அது பாதிச் சுற்றுதான். ஆனால் பரப்பில் இரண்டும் ஒரே இடம் என்பதால் சுற்று முடிந்துவிட்டது. இப்போது நூலை இழுக்கட்டும். சுருங்க வேண்டுமானால் எதிரெதிர்ப் புள்ளிகள் இரண்டும் ஒன்றுசேர வேண்டும். அது பூச்சியத்தில் மட்டுமே நடக்கும், அங்கே போக அனுமதி இல்லை. நூல் மாட்டிக்கொண்டது! அதே வழியில் இன்னொரு சுற்று போனால் தளத்திலும் முழுச் சுற்று ஆகிவிடும். அந்த நூல் சுருங்கிவிடும். ஒரு சுற்று மாட்டும், இரு சுற்று கழன்றுவிடும். நம் அன்றாட உலகில் இப்படி ஒரு நூலைப் பார்க்கவே முடியாது.

எறும்பு வழுப்புள்ளியைத் தொடவில்லை. ஆனாலும் நடுவில் ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்டது.

*இருபது முகமும் ஓர் எச்சரிக்கையும்*

ஜெர்மானியக் கணிதர் பெலிக்ஸ் கிளைன் 1884-இல் இருபது முக்கோண முகங்கள் கொண்ட திண்மத்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதற்கு 12 மூலைகள், 30 விளிம்புக் கோடுகள், 20 முகங்கள். மூலைகளிலிருந்து 12-ஆம் படியில் ஒரு கோவை, முகங்களிலிருந்து 20-ஆம் படியில் ஒன்று, கோடுகளிலிருந்து 30-ஆம் படியில் ஒன்று என மூன்று கோவைகள் கிடைக்கும். இப்போது வாய்ப்பாடு சொல்லுங்கள்: 30 × 2 = 60, 20 × 3 = 60, 12 × 5 = 60. ஒன்றின் வர்க்கமும், ஒன்றின் கனமும், ஒன்றின் ஐந்தாம் அடுக்கும் ஒரே படிக்கு வந்து நிற்கின்றன. அவற்றுக்கிடையே இருக்கும் உறவைச் சுருக்கி எழுதினால் க² + ச³ + ட⁵ = 0. ஒரு விளையாட்டுப் பொருள் மாதிரியான திண்மத்திலிருந்து ஒரு பரப்பு பிறந்துவிட்டது. முன்பு பார்த்த பரப்பில் இரண்டிரண்டு புள்ளிகள் ஒட்டின. இதில் 120 புள்ளிகள் ஒன்றாக ஒட்டுகின்றன. அதனால் இதன் விளிம்பில் நூல் சுற்றும் விதங்கள் 120.

இதே விளிம்பு வேறொரு கதையிலும் வருகிறது. பிரான்சின் ஆன்றி புவான்காரே வடிவங்களை எண்ணிக்கை மூலம் அறியும் ஒரு முறையை உருவாக்கினார். அந்த முறை நூல் சுற்றுகளைக் கூட்டல் கணக்குப் போல எண்ணும், வரிசை பார்க்காது. 3 + 5-உம் 5 + 3-உம் ஒன்று என்பது போல. ஆனால் வாழ்க்கையில் வரிசை முக்கியம். சாக்ஸ் போட்டுவிட்டு ஷூ போடுவதும், ஷூ போட்டுவிட்டு சாக்ஸ் போடுவதும் ஒன்றா? 1900-இல் புவான்காரே, தம் கூட்டல் கணக்கே கோளத்தை அடையாளம் காணப் போதும் என்று எழுதினார். 1904-இல் அவரே அதை மறுத்தார். கூட்டல் கணக்கில் கோளம் போலவே தோன்றும், ஆனால் நூல் மாட்டும் ஒரு வடிவத்தைக் காட்டினார். அதுவும் கிளைனின் பரப்புக்கு வரும் விளிம்பும் ஒன்றே என்று பின்னாளில் தெரிந்தது.

அதே கட்டுரையின் முடிவில் அவர் ஒரு கேள்வி கேட்டார். மூன்று பரிமாணத்தில் எல்லா நூலும் சுருங்கினால் அது கோளம்தானா? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. ரஷ்யாவின் பெரெல்மான் 2002, 2003-இல் நிரூபித்தார். பத்து லட்சம் டாலர் பரிசையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

*1961: மம்ஃபோர்ட்*

பெரெல்மானுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால், புவான்காரேயின் கேள்வி திறந்தே கிடந்த காலத்தில், டேவிட் மம்ஃபோர்ட் என்ற இளைஞர் வேறு வழியில் வந்தார். 1937-இல் இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் ஹார்வர்டில் படித்தவர். 1961-இல் வந்த அவருடைய கட்டுரை நம் எறும்பின் கேள்விக்கு முழு விடை சொன்னது.

ஒரு கலப்பெண் பரப்பில், ஒரு புள்ளியின் விளிம்பில் எல்லா நூலும் சுருங்கிவிட்டால், அந்தப் புள்ளியில் வழு இல்லை. இதுதான் தேற்றம். (பரப்பு தன்னைத்தானே வெட்டிக்கொள்வது போன்ற முரட்டுக் கோளாறுகளை முதலிலேயே சரிசெய்துவிட்ட பரப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.) திருப்பிச் சொன்னால், வழு இருந்தால் ஏதாவது ஒரு நூல் மாட்டியே தீரும். எறும்பு எப்போதும் கண்டுபிடித்துவிடும்.

எப்படி நிரூபித்தார்? வழுப்புள்ளியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சில வளைகோடுகளை வைத்துப் பரப்பை வழவழப்பாக்கலாம். கோனின் கூர்முனையை இழுத்துத் திறந்து குழாய் ஆக்கினால், முனை இருந்த இடத்தில் ஒரு வட்டம் வருமே, அது போல. கலப்பெண் உலகில் பல சமயம் அவை ஒன்றையொன்று தொடும் கோளங்களாக இருக்கும். க × ச = ட² பரப்புக்கு ஒரு கோளம் போதும். கிளைனின் பரப்புக்கு எட்டுக் கோளங்கள் வேண்டும். நடுவில் ஒன்று, அதிலிருந்து மூன்று கிளைகள், கிளைகளில் முறையே 1, 2, 4 கோளங்கள். கூட்டிப் பாருங்கள், எட்டு. எது எதைத் தொடுகிறது என்பதைக் கரும்பலகையில் புள்ளியும் கோடுமாக வரைந்தால் ஒரு சின்ன மரம். அந்தப் படத்திலிருந்தே விளிம்பில் நூல் எப்படியெல்லாம் மாட்டும் என்று எழுதிவிடலாம் என்று மம்ஃபோர்ட் காட்டினார்.

பிறகு மரத்தைக் கழிக்கத் தொடங்கினார். எல்லா நூலும் சுருங்கும் என்றால், அந்த மரத்தில் தேவையில்லாத கோளம் ஒன்று இருந்தே ஆக வேண்டும். அதை எந்தச் சேதமும் இல்லாமல் ஒரு புள்ளியாகச் சுருக்கிவிடலாம். அடுத்து இன்னொன்று. இப்படிக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் மரமே இருக்காது, வழுவே இல்லாத ஒரு புள்ளிதான் மிஞ்சும். புவான்காரேயின் பெரிய கேள்விக்கு விடை தெரியாமலேயே இந்த விளிம்புகளுக்கு மட்டும் விடை கிடைத்துவிட்டது.

*இரண்டில் மட்டும்*

"சரி, பரிமாணம் கூடினாலும் எறும்பு ஜெயிக்குமா?" என்று வகுப்பில் ஒருவராவது கேட்பீர்கள். ஜெர்மனியின் எக்பெர்ட் பிரீஸ்கார்ன் 1966-இல் அதற்கு இல்லை என்று பதில் சொன்னார். க² + ச² + ட² + த³ = 0 என்று ஒரு எழுத்து கூடுதலாக எழுதுங்கள். பூச்சியத்தில் வழு கண்டிப்பாக உண்டு. ஆனால் அதன் விளிம்பு அப்பழுக்கில்லாத ஐந்து பரிமாணக் கோளம். நூல் எதுவும் மாட்டாது. எறும்பு நூறு தடவை சுற்றினாலும் நடுவில் வழு இருப்பது தெரியாது.

ஆக, வளைகோட்டில் எறும்பு தோற்றது. பரப்பைவிட ஒரு படி மேலே போனாலும் தோற்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பரப்பில் மட்டும் சுற்றி வந்தாலே உள்ளே இருப்பது தெரிந்துவிடுகிறது. இந்த அதிசயத்தை இன்னொரு திசைக்குத் திருப்பியவர்தான் நம் ராமானுஜம்.

*சென்னைப் பையன்*

அப்பா சென்னை உயர் நீதிமன்ற வழக்கறிஞர். வீட்டில் ஏழு பிள்ளைகளில் ராமானுஜம் மூத்தவர். எவர்ட் பள்ளியில் படித்துவிட்டு 1952-இல் லயோலா கல்லூரியில் சேர்ந்தார். அங்கே சார்ல்ஸ் ரசீன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் கணிதப் பேராசிரியர். பாரிசில் பெரிய கணிதர்களிடம் பழகியவர், பாடப் புத்தகத்துக்கு வெளியே இருக்கும் புதிய கணிதத்தை மாணவர்களுக்குக் காட்டியவர். சி. எஸ். சேஷாத்ரி, எம். எஸ். நரசிம்மன், ராகவன் நரசிம்மன் ஆகியோரும் அவரிடம் படித்தவர்கள்தான். இந்திய நவீன கணிதத்தின் பெரிய பெயர்கள் இவை.

ராமானுஜம் 1957-இல் கணிதப் பட்டம் பெற்றார். என்ன வகுப்பு தெரியுமா? இரண்டாம் வகுப்பு. மதிப்பெண் பட்டியலை மட்டும் பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ரசீன் பாதிரியார் பட்டியலைப் பார்க்கவில்லை, பையனைப் பார்த்தார். சொந்தமாக யோசிக்கிறான், தெரிந்துகொள்ளும் ஆர்வம் இருக்கிறது, வாய்ப்புக் கொடுத்தால் நன்றாக வருவான் என்று பம்பாய் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்துக்குப் பரிந்துரை எழுதினார். நண்பர் ராகவன் நரசிம்மனோடு பம்பாய் போனார் ராமானுஜம்.

அங்கே முதலில் எண் கோட்பாட்டில் கடினமான கேள்விகளைத் தீர்த்தார். பிறகு இயற்கணித வடிவியலுக்கு வந்தார். ரஷ்யக் கணிதர் ஷஃபரேவிச் பம்பாயில் நடத்திய பாடங்களுக்குக் குறிப்பு எழுதும் பொறுப்பு இவருக்கு வந்தது. குறிப்பெடுப்பது என்றால் சொன்னதை எழுதுவது என்று நினைப்போம். இவரோ தவறுகளைத் திருத்தி, நிரூபணங்களை நிறைவு செய்து கொடுத்தார் என்று ஷஃபரேவிச்சே எழுதியிருக்கிறார். மம்ஃபோர்டும் பம்பாய் வந்து பாடம் நடத்தினார். அதற்கும் ராமானுஜம்தான் குறிப்பு. அது 1970-இல் புத்தகமாக வந்தது. ராமானுஜம் எழுதிய பின்னிணைப்பும் அதில் உண்டு. இன்றும் அந்தத் துறையில் நுழைபவர்கள் படிக்கும் புத்தகம் அது.

*தொலைவின் விளிம்பு*

1971-இல் வந்த ராமானுஜத்தின் கட்டுரைதான் நான் சொல்ல வந்தது. மம்ஃபோர்ட் ஒரு புள்ளியைச் சுற்றி நடந்தார். ராமானுஜம் பரப்பின் வெளி எல்லையைச் சுற்றி நடந்தார்.

கலப்பெண் தளம்தான் பரப்புகளிலேயே எளிமையானது. முழுத் தளத்தையும் மெல்ல மெல்லச் சுருக்கி ஒரு புள்ளியாக்கிவிடலாம். வழுவே இல்லாத வேறொரு பரப்பையும் இப்படிச் சுருக்க முடிந்தால் அதுவும் தளமேதானா? ஆமாம் என்றுதான் தோன்றும். ராமானுஜம் இல்லை என்று காட்டினார். எப்படி? நாம் முன்பு பார்த்த கூர்முனை வளைகோட்டை எடுத்தார். அதை இரண்டே புள்ளிகளில் சந்திக்கும் ஒரு கூம்பு வளைவை எடுத்தார். மூன்றாம் படியும் இரண்டாம் படியும் சந்தித்தால் கணக்குப்படி 3 × 2 = 6 சந்திப்புகள் வர வேண்டும். அதை ஓரிடத்தில் ஐந்து, இன்னோரிடத்தில் ஒன்று என்று அமைத்தார். அந்த ஒன்று இருந்த புள்ளியைத் திறந்து அங்கே ஒரு கோளத்தை வைத்துவிட்டு, இரண்டு வளைவுகளையும் நீக்கினார். மிஞ்சிய பரப்பு ஒரு புள்ளியாகச் சுருங்கும். ஆனால் அது தளம் இல்லை. இன்று அதன் பெயரே ராமானுஜம் பரப்பு.

அதை ஏன் தளம் இல்லை என்கிறோம்? வெகு தொலைவில், வெளி எல்லையில், நூலைச் சுற்றி இழுத்துப் பார்த்தால் மாட்டுகிறது. கூட்டல் கணக்குப் போட்டால் அந்த எல்லை கோளம் போலவே இருக்கும். புவான்காரே 1904-இல் சந்தித்த அதே வகை ஏமாற்று.

அடுத்த படி இன்னும் அழகு. வழுவில்லாத ஒரு பரப்பு ஒரு புள்ளியாகச் சுருங்கவும் வேண்டும், தொலைவில் எந்த நூலும் மாட்டாமலும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் அது தளமேதான் என்று நிரூபித்தார். வெளி எல்லையில் வளைகோடுகளைச் சேர்த்து, மரம் வரைந்து, ஒவ்வொன்றாகக் கழித்து, கடைசியில் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்தார். மம்ஃபோர்ட் கையாண்ட அதே வகைக் கருவிதான், பயன்படுத்திய இடம் வேறு.

இங்கேயும் பரிமாணம் கூடினால் தடயம் மறைந்துவிடும். ராமானுஜம் பரப்போடு ஒரு கலப்பெண் கோட்டைச் சேர்த்துப் பெருக்கினால், இடவியலின் கண்ணுக்கு அது சாதாரண ஆறு பரிமாண வெளி ஆகிவிடும். ஆனால் இயற்கணிதத்தின் கண்ணுக்கு அது சாதாரண வெளி அல்ல.

வழுப்புள்ளிகளைப் பற்றியே அவர் செய்த இன்னொரு வேலையும் உண்டு. வியட்நாமில் பிறந்த லே சுங் திராங்கோடு சேர்ந்து எழுதியது. வழுப்புள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போகும்போது, மில்னர் எண் என்ற ஓர் எண் மாறாமல் இருந்தால் வழுவின் இடவியல் வகையும் மாறாது என்பது அந்தத் தேற்றம். பரப்புகளுக்கு மட்டும் அந்த நிரூபணம் எட்டவில்லை. மறுபடியும் அதே பரப்பு, தனி ரகமாக நிற்கிறது! அந்தக் கட்டுரை 1976-இல் அச்சில் வந்தபோது ராமானுஜம் இல்லை.

*சொல்ல வேண்டிய இன்னொன்று*

இருபதுகளின் நடுவிலேயே அவருக்கு மனச்சிதைவு நோய் வந்தது. கடுமையான மனச்சோர்வும் சேர்ந்துகொண்டது. மேலே சொன்ன வேலைகளில் பெரும்பகுதியை நோய்க்கு நடுவில் செய்திருக்கிறார். தாம் செய்வது போதாது என்ற எண்ணம் அவரை விடவில்லை. பதவி உயர்வு வந்தபோது தமக்கு அந்தத் தகுதி இல்லை என்று மறுத்தார், வற்புறுத்தித்தான் ஏற்க வைத்தார்களாம். 1974 அக்டோபர் 27-ஆம் தேதி பெங்களூரில் காலமானார். 1978-இல் அவர் நினைவாக வந்த தொகுப்பில், அவருடைய கணிதத்தைப் பற்றி மம்ஃபோர்ட் எழுதினார். இத்தாலியில் ஜெனோவா பல்கலைக்கழகக் கணித நிறுவனத்தில் ஓர் அரங்குக்கு ராமானுஜம் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்துக்கொண்டிருந்த நாட்களில் எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. பரப்பில் எறும்பு சுற்றி வந்தால் உள்ளே வழு இருப்பது கட்டாயம் தெரிந்துவிடும். மனிதர்கள் அப்படி இல்லை. கட்டுரைகள் வந்துகொண்டிருந்தன, உலகம் மதித்தது, வெளியிலிருந்து பார்த்தவருக்கு எல்லாம் கோளமாகத்தான் தெரிந்திருக்கும். பக்கத்தில் போய், உட்கார்ந்து, கேட்டால்தான் தெரியும். என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைகளை நினைத்துப் பார்க்கிறேன். உங்களை யாரும் "எப்படி இருக்கே?" என்று கேட்டதே இல்லை, நன்றாகத்தானே படிக்கிறாள் என்று விட்டுவிடுவோம். இன்று நீங்கள் பெற்றோர். உங்கள் வீட்டில் நன்றாகப் படிக்கும் பிள்ளை திடீரென்று பேச்சைக் குறைத்தால், தூக்கம் கெட்டால், "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று சொன்னால், அதை அடக்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அதோடு, ரசீன் பாதிரியாரை மறக்காதீர்கள். நம் குழுவில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இப்போது ஆசிரியர்கள். இரண்டாம் வகுப்பு வாங்கிய ஒரு பையனுக்காக ஒரு கடிதம் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தால் என்ன நடந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

வழக்கம் போல வீட்டுப்பாடம் உண்டு. ஒன்று, ப = 5, ம = −1 என்று போட்டு க, ச, ட கண்டுபிடித்து, க × ச = ட² சரியாக வருகிறதா என்று பாருங்கள். அதே மூன்று எண்களைத் தரும் இன்னொரு ஜோடி எது? இரண்டு, ஒரு கயிற்றில் மூவிலை முடிச்சுப் போட்டு, முனைகளை ஒட்டி, உங்கள் பிள்ளைகளிடம் கொடுத்து "அறுக்காமல் அவிழ்" என்று சொல்லுங்கள். ஒரு மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும்.

விடையைக் கீழே எழுதுங்கள். எழுதாதவர்களின் பெயரைக் குறித்து வைப்பேன், பழைய பழக்கம் போகவில்லை.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்